சிற்றிலும் வாங்கும்: பிள்ளைகளின் நியாய உணர்வு பற்றிக் கரவெட்டிப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழிலே பிள்ளைகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் தம் வாழ்வு நன்றாக இருக்கின்றதா, தமக்குரிய நியாயம் தமக்குக் கிடைக்கின்றதா என்று பிள்ளைகளே என்ன எண்ணினர் என்பதைத் தெரிவிக்கும் எழுத்து மிகக் குறைவு. இக்குறைவைத் தற்செயலானதெனக் கொள்ள முடியாது. ஓர் இலக்கிய மரபு எவரைப் பேசவிடுகின்றது, எவரைப் பேசப்படும் பொருளாக மட்டும் வைத்திருக்கின்றது என்பது அம்மரபு வேரூன்றிய சமூக உறவுகளோடு தொடர்புடையது. உழைப்போர், பெண்கள் ஆகியோர் விடயத்தில் இவ்வுண்மையை நமது விமர்சகர்கள் பல்வேறு வகையில் எடுத்துக்காட்டியுள்ளனர். பிள்ளைகள் விடயத்தில் அத்தகைய நோக்கு இன்னும் போதியளவு வளர்ச்சி பெறவில்லை.

வடமராட்சியின் கரவெட்டிப் பகுதியை முன்வைத்து இவ்வினாவை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011) பிறந்த ஊர் கரவெட்டி. 1956 ஆம் ஆண்டு பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான கம்யூனிஸ்ட் பொன். கந்தையாவின் ஊரும் அதுவே. அதேவேளை, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் கல்வி பெறுவதற்கென வதிரியிலே கா. சூரன் 1914 இல் தேவரையாளி சைவ வித்தியாசாலையைத் தொடங்க நேர்ந்ததும் இப்பகுதியிலேதான். முற்போக்குச் சிந்தனையும் அச்சிந்தனை எதிர்த்து நின்ற கொடுமையும் சில கட்டை தூரத்துக்குள் அருகருகே இருந்தன. இத்தகைய ஓர் இடத்திலே வளர்ந்த பிள்ளை எதனை நியாயம் எனக் கண்டது, எதனை அநியாயம் எனக் கண்டது, எதனைக் காணவே முடியாதிருந்தது என்பன இலக்கிய மாணவனுக்கு உரிய கேள்விகளே.

முதலில் மரபைப் பார்க்கலாம். குறளில் பிள்ளைகளைப் பற்றிய அதிகாரம் சில பதிப்புகளில் 'மக்கட்பேறு' எனவும் பரிமேலழகர் உரையில் 'புதல்வரைப் பெறுதல்' எனவும் தலைப்புப் பெறும். இரண்டும் பெறுவோரின் நோக்கில் அமைந்த பெயர்கள். பிள்ளையின் மழலையும், அதன் கை அளைந்த உணவும், அதன் மெய் தீண்டலும் பெற்றோருக்குத் தரும் இன்பமே அங்கு பேசப்படுகின்றது. தந்தையின் கடமை ஒன்று கூறப்படுவது உண்மையே. ஆயின் அக்கடமை நிறைவேறியதா என்பதைத் தீர்மானிப்பது அவை. பிள்ளையிடம் அது கேட்கப்படுவதில்லை.

பிள்ளைத்தமிழ் இலக்கியம் இன்னும் சுவையான சான்று. பத்துப் பருவங்களுள் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரியவை சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிற்றிற் பருவத்திலே சிறுமியர் மணலால் வீடு கட்டி விளையாடுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதனைக் காலால் அழிக்க வருகின்றான். அழியாதே என்று சிறுமியர் இரக்கின்றனர். நாமறிந்தவரை, பழந்தமிழ் இலக்கியத்திலே பிள்ளைகள் தமக்கு நேர்ந்த அநியாயத்தைத் தம் வாயாலே முறையிடும் நிலையான இலக்கியச் சந்தர்ப்பம் இதுவொன்றே. ஆனால் முறையீட்டுக்கு நேர்வது என்ன? சிதைப்பவன் கடவுள், அல்லது அரசன். ஆகவே சிறுமியரின் மனக்குறை அவனது பெருமையைப் பாடும் வாய்ப்பாக உருமாறிவிடுகின்றது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பத்தும் இதே சூழலைக் கொண்டது. அங்கே முறையீட்டின் வேதனை சற்று உண்மையாகக் கேட்கின்றது, எனினும் அதுவும் காதலாகக் கரைகின்றது. கலித்தொகையிலே கபிலரின் குறிஞ்சிக்கலிப் பாடலொன்றில் (51) தலைவி, சிறு பருவத்திலே தன் மணல்வீட்டைக் காலால் அழித்து, பூமாலையைப் பறித்து, பந்தைக் கவர்ந்தோடிய ஒருவனை நினைவுகூர்கின்றாள். அக்குறும்பனே இப்போது காதலன். பழைய குற்றம் காதலின் முன்னுரையாக மன்னிக்கப்படுகின்றது. பாடலின் நாடகச் சுவையை எவரும் மறுக்கார். ஆனால் பெண்பிள்ளை கட்டியதை ஆண்பிள்ளை அழிப்பது விளையாட்டு என்றும், அவள் அதனைப் பொறுப்பது அழகு என்றும் மரபு எத்தனை நூற்றாண்டுகளாகக் கற்பித்து வந்துள்ளது என்பதை நமது உரையாசிரியர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மரபிலக்கியத்தில் இல்லாத பிள்ளையின் குரலை எங்கு தேடுவது? விளையாட்டிலே தேடலாம் என்பது சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே தந்த விடை. ஜெனீவாவிலும் நொய்சாத்தலிலும் சிறுவர் போளையடிப்பதை அவதானித்தும் அவர்களிடம் விதிகளைக் கேட்டும் அவர் 1932 இல் வெளியிட்ட நூல், பிள்ளைகளின் ஒழுக்கத் தீர்ப்பு பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்டது. சிறு வயதிற் பெரியோர் சொன்னதே நியாயம்; ஏறத்தாழ எட்டு வயதுக்குப் பின் எல்லோருக்கும் சமபங்கே நியாயம்; பதினொன்று பன்னிரண்டு வயதளவில் அவரவர் நிலைமையைக் கருத்திற்கொண்ட சமத்துவமே நியாயம். இவ்வாறு நியாய உணர்வு வளர்வதாக அவர் கண்டார். பெரியோரின் கட்டளை இவ்வளர்ச்சிக்குக் காரணமன்று என்பதும், ஒத்த நிலையிலுள்ள தோழரோடு ஒத்துழைப்பதே காரணம் என்பதும் அவரது மையக் கருத்து.

நமது பிள்ளைகளின் பேச்சு இக்கருத்துக்குச் சான்று தருகின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுவர் வழக்கில் 'அளாப்புதல்' என்றொரு வினை உண்டு. கிளித்தட்டிலே தொட்டும் தொடவில்லை என்பவன், கிட்டியடிக்கும்போது அளவை மாற்றிச் சொல்பவன், போளையை இரகசியமாக நகர்த்துபவன் 'அளாப்பி' எனப்படுவான். இச்சொல்லைப் பெரியோர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில்லை. பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் சொல் அது. அளாப்பி என்று பெயரெடுத்தவனை அடுத்த ஆட்டத்துக்கு எவரும் தம் பக்கம் எடுக்க விரும்பார். முறைப்பாடு, விசாரணை, தண்டனை யாவும் பெரியோர் தலையீடின்றியே முடிந்துவிடும். வீட்டினுள் நிகழும் அநியாயத்துக்கு வேறொரு சொல் உண்டு: ஓரவஞ்சனை. தம்பிக்கு முட்டை, தனக்கு இல்லை என்று காணும் சிறுமியின் வாயில் வருவது இச்சொல். அளாப்புதல் சமமானோருக்கிடையிலான குற்றம். ஓரவஞ்சனை அதிகாரமுடையவர் இழைக்கும் குற்றம். முதலாவதற்குத் தண்டனை உண்டு. இரண்டாவதற்கு அழுகை மட்டுமே உண்டு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் துல்லியமாக அறிந்திருக்கின்றனர் என்பதை அச்சொற்களே காட்டுகின்றன. (சிறுமியரின் விளையாட்டிலே விதியுணர்வு குறைவு எனப் பியாஜே கருதியதும், அதனைப் பிற்காலப் பெண்ணிய ஆய்வாளர் கண்டித்ததும் வேறொரு விவாதம். மணல்வீட்டைக் கட்டியவருக்கு விதியுணர்வு குறைவென அழித்தவரின் பக்கத்திலிருந்து கூறுவது எளிது.)

பியாஜேயின் கோட்பாடு ஓரிடத்திலே நமக்குப் போதாமற் போகின்றது. ஒத்த நிலையிலுள்ள தோழர் என்ற அவரது எடுகோள், யாழ்ப்பாணச் சமூகத்திலே பொருந்தாத ஒன்று. வயல்வெளியில் ஒன்றாக ஆடிய பிள்ளைகள், தண்ணீர் விடாய்த்ததும் கிணற்றடியிற் பிரிந்தனர். ஆட்டத்துக்குள்ளே விதி எல்லோருக்கும் ஒன்று. ஆனால் யார் ஆட்டத்திற் சேரலாம், ஆட்டம் முடிந்தபின் யார் எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விதி ஆட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அதனைச் சுட்டப் பிள்ளைகளிடம் சொல் இருக்கவில்லை. கிணற்றடியில் தூர நிற்கச் செய்தவரை எந்தப் பிள்ளையும் அளாப்பி என்று அழைத்திருக்க முடியாது. டொமினிக் ஜீவா தமது முதற் சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) என்றும், கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றும் பெயரிட்டமை இந்தப் பின்னணியிலே நோக்கத்தக்கது.

இவ்வெளிவிதி பிள்ளையின் உடலைத் தொட்ட முதலிடம் பாடசாலை, குறிப்பாக, வாங்கு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகள் பலவற்றிலும் அவர்கள் நிலத்திலோ வகுப்புக்குப் புறம்பாகவோ இருத்தப்பட்டனர். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையிலே தீண்டாமையை எதிர்த்தது. உதவி பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற பணிப்பு 1929 இல் வந்தது. அதனை எதிர்த்து மனுக்கள் எழுந்தன; பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை நிலத்திலிருந்து இரண்டடி உயரத்திலே அமர்வதைப் பொறுக்க முடியாமற் பாடசாலையையே கொளுத்திய சமூகம் நமது சமூகம். நிலவுடைமையும் குடிமை முறையும் தமக்கு வேண்டிய உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகப் பெறுவதற்கு, அடுத்த தலைமுறை எங்கே அமரும் என்பது முதன்மையான பிரச்சினையாக இருந்தது என்பதை இது காட்டுகின்றது.

தேவரையாளியை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். பெயரிலேயே 'சைவ' என்ற அடைமொழி உள்ளது. மேல்நிலைச் சாதியாரின் வழிபாட்டு நெறியையும் ஒழுக்க முறையையும் தமதாக்கி மதிப்புப் பெற முயலும் போக்கினை எம். என். ஸ்ரீநிவாஸ் சமஸ்கிருதமயமாக்கம் என்றார். சூரனின் பணியையும் இவ்வகையில் அடக்கி, வர்க்கப் போராட்டத்துக்கு முற்பட்ட சீர்திருத்தம் என்று கூறி அப்பால் நகர்வது நமது அணியினருக்கு இலகுவானது. அது தவறான மதிப்பீடு என்பது எமது கருத்து. ஏனெனில் அம்மதிப்பீடு மேலேயிருந்து, இயக்கங்களின் வரலாற்றிலிருந்து செய்யப்படுவது. வகுப்பறையினுள் இருந்த பிள்ளையின் நோக்கிலே தேவரையாளி தந்தது வேறு: வாங்கில் அமரும் அனுபவம். தன்னை இழிவாக நோக்காத ஆசிரியர், தன்னைப் போன்ற தோழர், எல்லோருக்கும் ஒரே விதி. பியாஜே கூறும் ஒத்த நிலை, தனித்துப் பிரிந்த ஒரு வட்டத்துக்குள்ளேனும் முதன்முதலாக அங்கே சாத்தியமாயிற்று. சமமாக நடத்தப்படுவது எவ்வாறிருக்கும் என்பதை உடலால் அறிந்த பிள்ளையே, வளர்ந்தபின் வட்டத்துக்கு வெளியிலுள்ள விதியையும் கேள்விக்குட்படுத்த வல்லது. தேவரையாளியிற் கற்ற தெணியான் (1942–2022), 'விடிவை நோக்கி' (1973), 'கழுகுகள்' (1981) ஆகிய நாவல்களையும் 'சொத்து' (1984) சிறுகதைத் தொகுதியையும் எழுதியவர் என்பதோடு, 'பொற்சிறையில் வாடும் புனிதர்கள்' (1989) என்ற நாவலில் கோயிற் பிராமணரின் துன்பத்தையும் எழுதினார். தனக்கு இழைக்கப்பட்டதை மட்டும் அநியாயமாகக் காணும் நிலையைக் கடந்த நியாய உணர்வுக்கு இது அடையாளம். அதன் வேர் எங்குள்ளது என்று ஆராய்வோர் சூரனின் பாடசாலையை ஒதுக்கிவிட முடியாது.

1945 இல் வந்த இலவசக் கல்வி, 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், 1960–61 இல் நிகழ்ந்த பாடசாலைகளின் அரசுடைமையாக்கம் ஆகியவற்றின் முக்கியத்துவம் பலராலும் எழுதப்பட்டுள்ளது. இங்கு விரிக்க வேண்டியதில்லை.

அநியாயம் நேர்ந்த வேளையிற் பிள்ளை என்ன எண்ணியது என்பதை அறிவதற்கு நமக்குள்ள முதன்மையான சான்று தன்வரலாறு. அதனைப் பயன்படுத்தும்போது எச்சரிக்கை வேண்டும். ஐம்பது வயதிலே எழுதுபவர் தம் பத்து வயதை இயக்கம் தந்த சொற்களால் நிரப்பிவிடக் கூடும். எனினும் நல்ல தன்வரலாறுகளிலே அச்சொற்களுக்கு முற்பட்ட ஒரு படிவம் எஞ்சியிருக்கும். பாமாவின் 'கருக்கு' (1992) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கயிற்றிற் பிடித்துத் தூக்கிவந்து நிலவுடைமையாளரிடம் கொடுப்பதைச் சிறுமி காண்கின்றாள். அவளுக்கு அது வேடிக்கை, சிரிப்பு வருகின்றது. வீட்டிலே தமையன் காரணத்தை விளக்கிய பின்னரே சிரிப்பு ஆத்திரமாகின்றது. இந்தச் சிரிப்பைப் பாமா எழுதாது விட்டிருக்கலாம். எழுதியமையாலேயே அப்பகுதி உண்மையாகின்றது. வெளிவிதி பிள்ளைக்கு முதலில் அநியாயமாகத் தெரிவதில்லை, விசித்திரமாகவே தெரிகின்றது என்பதை அச்சிரிப்பு பதிவு செய்துள்ளது. அம்பேத்கர் தம் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதிலே வேறொரு வகை உண்டு. வகுப்பில் அமர்வதற்குச் சாக்கொன்றைத் தாமே வீட்டிலிருந்து கொண்டுசெல்ல வேண்டும். குழாயைத் திறந்துவிடச் சேவகன் வராவிட்டாற் தண்ணீர் இல்லை. இங்கே உணர்ச்சிச் சொற்கள் இல்லை. சேவகன் இல்லையேல் தண்ணீர் இல்லை என்ற கணக்கு மட்டுமே உள்ளது. பிள்ளைகள் அநியாயத்தை இவ்வாறுதான், ஒரு நடைமுறையாக, நினைவில் வைத்திருப்பர்.

டொமினிக் ஜீவா (1927–2021) 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற தன்வரலாற்றிலே, வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் தம் குலத்தொழிலைச் சுட்டி இழிவுபடுத்தியதையும், தாம் பள்ளிப் படிப்பைக் கைவிட்டதையும் கூறுகின்றார். 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நெடுங்காலம் நடத்தியவரின் கல்வி அவ்வளவில் நின்றது. இச்சம்பவம் பெரும்பாலும் ஒரு போராளியின் தோற்றம் என்ற வகையிலேயே எடுத்தாளப்படுகின்றது. பிள்ளையின் நோக்கிற் பார்த்தால் அது ஒரு தீர்ப்பு. ஆட்டத்தின் விதி பொய்யானது எனக் கண்ட பிள்ளை ஆட்டத்தை விட்டு வெளியேறியது. வெளியேறுதலே அப்பிள்ளைக்குக் கிட்டிய ஒரே வாக்குரிமை. அதன் விலையையும் அப்பிள்ளையே செலுத்தியது என்பதைப் பெருமிதத்தோடு இச்சம்பவத்தைச் சொல்வோர் மறந்துவிடுகின்றனர். வெளியேறிப் பின்னர் எழுத்தாளராகாத பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வியும் அங்கே எழுவதில்லை.

நமது புனைகதையை நோக்குவோமாயின் நிலைமை அத்துணை திருப்திகரமானதன்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுந்த முற்போக்குச் சிறுகதைகளிலே பிள்ளைகள் அடிக்கடி வருகின்றனர். பசித்த பிள்ளை, கொப்பி வாங்கப் பணமில்லாத பிள்ளை, இறுதிப் பந்தியிலே கைமுட்டியை உயர்த்தும் பிள்ளை. பிஞ்சு, மொட்டு, தளிர் என்ற உருவகங்கள் அவர்களைச் சூழ்ந்து நிற்கின்றன. இப்பிள்ளைகள் துன்புறுகின்றனர், எதிர்காலத்தைக் குறிக்கின்றனர். ஆனால் தீர்ப்புக் கூறுவதில்லை. தந்தையின் வேலைநிறுத்தத்தால் வீட்டில் அடுப்பெரியாத நாளிலே, தந்தை செய்தது நியாயமா என்று பிள்ளை கேட்டால் கதை சிக்கலாகிவிடும், ஆகவே கேட்பதில்லை. பழைய மரபு பிள்ளையைப் பேறாகக் கண்டது. நாம் அதனைக் குறியீடாக மாற்றியுள்ளோம். யதார்த்தவாதத்தைக் கொள்கையாக ஏற்ற ஓர் இலக்கிய இயக்கம் பிள்ளைகள் விடயத்திலே மட்டும் உருவக வாதத்தில் நின்றுவிட்டமை விளக்கம் வேண்டும் விடயம். நமது எழுத்தாளர்களிற் கணிசமானோர் ஆசிரியர்களாக இருந்தமை ஒரு காரணமாகலாம். ஆசிரியர் எழுதும் கதையிற் பிள்ளை ஆசிரியரைத் தீர்ப்பிடுவது அரிது.

மறுபுறத்திலே, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலை எடுத்துக்கொள்வோம். முற்போக்கு எழுத்தாளர் எவரும் எழுதாத அளவுக்குப் பிள்ளையின் நல்வாழ்வு அதிலே நிறைந்துள்ளது: விடுமுறை, கூழ், கொழுக்கட்டை, கூடியிருந்து உண்ணும் தோழர். பிள்ளை தன் நலத்தை எவ்வாறு காண்கின்றது என்பதற்கு ஈழத்துத் தமிழில் இதனினும் நேரான சான்று இல்லை. பிள்ளைக்கு நலம் என்பது ஓய்வு, உணவு, தோழமை. இன்றைய ஆய்வாளர் பெருஞ்செலவிற் கண்டறிவனவும் ஏறத்தாழ இவையே. ஆனால் அத்தோழர் கூட்டத்திலே எவர் பிள்ளைகள் அமர்ந்தனர்? புலவர் வாழ்ந்த காலத்திலே (1878–1953) சம ஆசனப் பிணக்கும் சம போசனப் பிணக்கும் நிகழ்ந்தன. பாடலைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. அப்பாடலின் தோழமை, நடைமுறையிலிருந்த தோழமையை விடப் பெரியது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையும் அதனைப் பாடமாக்கி ஒப்புவித்தது. ஒப்புவிக்கும்போது அத்தோழருள் தானும் ஒருவன் என்று எண்ணியிருக்கும். இலக்கியம் வெளிவிதியை மீறிச் செல்லும் வழிகளுள் இதுவும் ஒன்று.

போர்க்காலம் இன்னொரு வெளிவிதியைக் கொணர்ந்தது. 1987 மே மாதம் தொடங்கிய வடமராட்சி இராணுவ நடவடிக்கையின்போது நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் இராணுவ முகாமாயிற்று. அவ்வாண்டு யூலை 5 ஆந் திகதி அதன்மீது விடுதலைப் புலிகள் தற்கொலைத் தாக்குதல் நடத்தினர். வாங்குகள் இருந்த இடத்தில் காவலரண். பின்வந்த ஆண்டுகளிலே பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் புலிகள் இயக்கத்திலே சேர்க்கப்பட்டமையும், இறுதிக் காலத்தில் அது கட்டாயமாக நிகழ்ந்தமையும் மறைக்கப்பட வேண்டியவை அல்ல. கரவெட்டியைச் சேர்ந்த ரஞ்சகுமாரின் 'மோகவாசல்' (1989) தொகுதியிலுள்ள 'கோசலை', இயக்கத்துக்குச் சென்ற மக்களின் தாயை எழுதிய கதை. ஈழத்துச் சிறுகதையிலே உயர்ந்தது. ஆயினும் அக்கதையில் நாம் கேட்பது தாயின் மனம். வீட்டை விட்டு இறங்கிய பிள்ளை தன் நலத்தை ஏன் அவ்வாறு கணித்தது, எந்த அநியாயத்தை வீட்டின் உணவை விடப் பெரிதாகக் கண்டது என்பன இன்னும் எழுதப்படாதுள்ளன. பிள்ளைக்கு அரசியல் தெரியாது, அது ஏமாற்றப்பட்டது என்போரும், பிள்ளை வீரனாகவே பிறந்தது என்போரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். இருவருமே பிள்ளையின் தீர்ப்பைக் கேட்க வேண்டியதில்லை எனக் கருதுகின்றனர்.

1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தம்மைப் பாதிக்கும் விடயங்களிற் கருத்துக்கூறப் பிள்ளைகளுக்குள்ள உரிமையை ஏற்றது. இலங்கை 1991 இல் அச்சமவாயத்துக்கு இணங்கியது. அதன் பின் பிள்ளைகளிடமே அவர்தம் நலத்தைக் கேட்டறியும் ஆய்வுகள் பெருகின. 'பிள்ளைகளின் உலகங்கள்' என்ற சர்வதேச ஆய்வின் மூன்றாம் சுற்று 2016–2019 காலத்தில் 35 நாடுகளிலே, எட்டு, பத்து, பன்னிரண்டு வயதளவிலான ஏறத்தாழ 128,000 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டது. இலங்கையும் அதில் இடம்பெற்றது. வாழ்க்கையிலே எவ்வளவு திருப்தி என்பதைப் பூச்சியத்திலிருந்து பத்து வரையான அளவில் பிள்ளைகள் குறிக்க வேண்டும். பெற்றோர், ஆசிரியர் தம் சொல்லுக்குச் செவிசாய்க்கின்றனரா என்பன போன்ற வினாக்களும் உண்டு. பெரியோரின் மதிப்பீட்டை நம்பியிராது பிள்ளைகளிடமே சென்றமை பெரும் முன்னேற்றம். எனினும் நிலத்திலே அமர்ந்த பிள்ளையும், சேர்க்கப்பட்ட ஆட்டத்திலே நியாயம் இருக்குமாயின், தன் நலத்துக்கு எட்டோ ஒன்பதோ கொடுத்திருக்கக் கூடும். திருப்தியும் நியாய உணர்வும் ஒன்றாகவே நகர்வன அல்ல. பிள்ளைகள் தமக்குத் தெரிந்த வட்டத்தை அளவுகோலாகக் கொள்வர். வட்டம் எவ்வாறு வரையப்பட்டது என்பதைத் திருப்திப் புள்ளி காட்டாது.

இது புதிய பிரச்சினையுமன்று. மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்திலே வேலைநாள் பற்றி எழுதிய அதிகாரத்தில், பிரித்தானியச் சிறுவர் தொழில் ஆணைக்குழுவின் முன் பிள்ளைகள் அளித்த வாக்குமூலங்களை எடுத்தாள்கின்றார். மட்பாண்டத் தொழிலகத்திலே வேலை செய்த வில்லியம் வூட் என்ற ஒன்பது வயதுச் சிறுவன், ஏழு வயதும் பத்து மாதமுமாக இருக்கையில் வேலைக்குச் சேர்ந்தவன். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பான் என்பதை அவன் கூறுகின்றான், முறையீடு இல்லை. நேரக் கணக்கு மட்டுமே. அம்பேத்கரின் குழாயடிக் கணக்கு போன்றது இது. அரசன் எனப்படுபவன் யாரென்று வினவப்பட்ட இன்னொரு சிறுவன், பணமும் பொன்னும் யாவும் எவனிடம் உள்ளனவோ அவனே அரசன் என்ற பொருள்பட விடையளிக்கின்றான். எழுத்தறிவின்மைக்குச் சான்றாகவே ஆணையாளர் அதனைப் பதிந்தனர். அரசியற் பொருளாதாரம் கற்றவருக்கு அவ்விடை அவ்வளவு அறியாமையாகத் தோன்றாது. வாக்குமூலத்தைத் தொழிலகத்தின் கணக்கேட்டுக்கு அருகில் வைத்து வாசித்தமை மார்க்சின் முறை. பிள்ளையின் குரலைக் கேட்பது, அது எந்த உறவுகளுக்குள்ளிருந்து பேசுகின்றது என்பதைக் கேட்காமல் முழுமை பெறாது.

இன்றைய கரவெட்டிப் பிள்ளைக்குத் தன் நலத்தையும் நியாயத்தையும் பற்றி எண்ண நேரும் முக்கியமான சந்தர்ப்பம் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை. கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு மத்திய கல்லூரியின் கதவைத் திறப்பதற்காக எழுந்த ஏற்பாடு, பத்து வயதுப் பிள்ளையின் மாலைப்பொழுதை ரியூசன் கொட்டகைக்கு ஒப்புக்கொடுக்கும் ஏற்பாடாகியுள்ளது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். வசதி குறைந்த மாவட்டத்துப் பிள்ளைக்குக் குறைந்த புள்ளி போதும் என்பது, பியாஜே கூறிய பதினொன்று பன்னிரண்டு வயதுக்குரிய, நிலைமையைக் கருதும் நியாயம். பரீட்சை எழுதுவதோ அதற்கு முந்திய வயதுப் பிள்ளை. அதன் கண்ணுக்கு அது அளாப்பலாகத் தெரிந்தால் வியப்பில்லை. எவரும் அதற்கு விளக்கிக் கூறுவதுமில்லை.

இலக்கிய மாணவருக்கு இங்கே ஒரு வேலை இருக்கின்றது. பிள்ளைகள் எழுதுகின்றனர், பாடசாலையிலே கட்டுரைக் கொப்பி என்ற ஒன்று உண்டு. 'எனது பாடசாலை' என்ற தலைப்பிலே எழுதப்படும் கட்டுரை தொடங்கிய ஆண்டு, கட்டடங்களின் எண்ணிக்கை, அதிபரின் பெயர், இறுதியில் பாடசாலையின் புகழ் ஓங்குக என்ற வாழ்த்து என்ற ஒழுங்கிலே செல்லும். தான் எந்த வாங்கில், யாருக்கு அருகில் அமர்கின்றேன் என்பதை எழுதிய பிள்ளைக்கு, அவ்வரி சிவப்பு மையால் வெட்டப்பட்டுக் கிடைக்கும். பிள்ளைத்தமிழின் காப்புப் பருவம் போல இதுவும் ஒரு யாப்பு. வெட்டப்பட்ட வரிகளோடு கூடிய அக்கொப்பிகளைத் தேவரையாளி, விக்கினேஸ்வரா, நெல்லியடி மத்திய கல்லூரி ஆகியவற்றின் பிள்ளைகளிடமிருந்து, அவர்தம் சம்மதத்தோடும் பெயர் நீக்கியும், ஆண்டுவாரியாகச் சேகரிப்பது நமது தமிழ்ச் சங்கங்களின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. 1987 க்கு முற்பட்டவை வடமராட்சி வீடுகளிலே எஞ்சியிருப்பது ஐயம். ஆகவே அக்காலத்துப் பிள்ளைகளாக இருந்து இன்று ஐம்பது வயதைக் கடந்தோரிடமிருந்து முதலிற் தொடங்க வேண்டும்.